ஞாயிற்றுக்கிழமைக்காரர்

அந்தப் பொய் பிறந்தபோது இளையவள் அதே அறையில்தான் இருந்தாள். மருத்துவமனைக் கோப்பறையில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள். அடுத்த மாதப் பணிப்பட்டியலைக் கணினியில் ஏற்றுவதற்காகக் கண்காணிப்பாளரின் மேசையருகே காத்து நின்றாள். பக்கத்தில் யாராவது சொந்த விஷயம் பேச ஆரம்பித்தால் சுவரைப் பார்ப்பது அவள் வழக்கம். கண்ணைச் சுவர் பக்கம் திருப்பலாம், காதைத் திருப்ப முடியாது. அதனால் அந்தப் பேச்சு முதலிலிருந்து கடைசிவரை அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அடுத்த மாசமும் நாலு ஞாயிறும் உங்களுக்குத்தான் போட்டிருக்கேன்," என்றார் கண்காணிப்பாளர், பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பதினோரு வருஷமா நான்தான் சார் பாக்குறேன்," என்றாள் கோப்பறை அக்கா.

"அதனாலதான் போடுறேன். பழகின கை."

"இப்பதான் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கே. ஆளுக்கு ரெண்டா பிரிச்சுப் போடலாமே."

"அவங்க புதுசு. ஒரு கோப்பு கேட்டா திருதிருன்னு முழிப்பாங்க. மத்தவங்களுக்குக் குடும்பம் இருக்கு. உங்களுக்கு என்ன, புருஷனா புள்ளையா? வீட்ல இருந்து என்ன பண்ணப் போறீங்க?"

அக்கா அலமாரியில் சேர்ப்பதற்காகக் கையில் வைத்திருந்த கோப்பின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள், மூடினாள்.

"ஒருத்தர் வருவார் சார்."

"எங்க?"

"வீட்டுக்கு. என்னைப் பாக்க. அவருக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் ஒழியும்."

இப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தது. "ஒருத்தர்னா... அந்த மாதிரி ஒருத்தரா?"

"அந்த மாதிரிதான்."

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "சொல்லவே இல்லையே அக்கா!" என்றார். அவர் அவளைவிட மூன்று வயது மூத்தவர். ஆனால் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். "வயசு என்ன அவருக்கு?"

"நாப்பத்தெட்டு."

"வேலை?"

அக்கா மறுபடி கோப்பைத் திறந்து பார்த்தாள். "பாலம் கட்டுற இன்ஜினியர்."

"அடடே! அப்ப ஊர் ஊரா சுத்துற வேலையாச்சே."

"அதான் சார். ஞாயிறு மட்டும்."

அவர் நான்கு ஞாயிறுகளையும் அடித்தார். பிறகு இளையவள் பக்கம் திரும்பி, "நீங்க ஒண்டியாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஆமா சார்," என்றாள் அவள், பதினைந்து வருடம் இரண்டு மொழியில் படித்தும் வேறு பதில் தோன்றாமல்.

"பாத்தீங்களா," என்று சொல்லி நான்கு கட்டத்திலும் அவள் பெயரை எழுதினார். ஒரு மனிதரின் காதல் இன்னொருத்தியின் தலையில் விடிவது அப்படித்தான் தொடங்கியது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது நாற்பத்துநான்கு. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத நீண்ட கூடத்தில் அவள் ராஜ்ஜியம். கூரைவரை இரும்பு அலமாரிகள். அவற்றில் ஒரு லட்சத்துக்கு மேல் கோப்புகள். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்துக்கு ஒரு நிறப்பட்டை. முகங்களை மறந்துவிடுவாள், எண்ணை மறக்கவே மாட்டாள். வாசலில் எதிர்ப்பட்டு வணக்கம் வைத்த பெரியவரைப் பார்த்து யாரோ என்று விழித்துவிட்டு, அவர் தன் கோப்பு எண்ணைச் சொன்னதும், "ஓ, இடது முழங்கால்!" என்று முகம் மலர்ந்ததை இளையவளே பார்த்திருக்கிறாள்.

வீட்டில் நிலைமை வேறு. அண்ணன், அண்ணி, அவர்களின் மூன்று பிள்ளைகள், இவள். மூன்று அறை, ஒரு குளியலறை. கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் இவளுடைய கட்டில். குடும்பத்தில் எந்தப் பொருள் தொலைந்தாலும் "அத்தை!" என்று ஒரு குரல் வரும். அத்தை என்பது அந்த வீட்டில் உறவுமுறை அல்ல, விசாரணைக் கவுன்ட்டர்.

ஞாயிறன்று காலையில் அண்ணன் குடும்பம் கூண்டோடு அண்ணியின் அம்மா வீட்டுக்குப் போகும். இருட்டிய பிறகுதான் திரும்பும். பதினோரு வருடமாக அக்கா அந்த நேரத்தில் கோப்பறையில் இருந்ததால் இது அவளுக்கு ஒரு தகவல் மட்டுமே. ஒரு ஞாயிறு காய்ச்சலில் விடுப்பு எடுத்துப் படுத்துக்கொண்டபோதுதான் விஷயம் விளங்கியது. வீடு காலியாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. குளியலறைக் கதவை யாரும் தட்டவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு, வெறுந்தரையில் படுத்து, காலைத் தூக்கிச் சுவரில் சாத்திக்கொண்டு, மின்விசிறி சுற்றுவதையே மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தாளாம். காய்ச்சல் தானாக இறங்கிவிட்டது. அந்த ஒரு நாள் ருசிக்காகத்தான் ஓர் ஆணைக் கண்டுபிடித்தாள். தனியாக இருக்க வேண்டும் என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் விடுப்பு கிடைக்காது. துணையோடு இருக்கிறேன் என்றால் கிடைக்கிறது.

செய்தி அன்று மதியமே கட்டடம் முழுக்கப் போய்விட்டது. கோப்புகளை வார்டுகளுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி அண்ணன் இருக்கும்போது அந்த மருத்துவமனைக்கு வேறு தகவல் தொடர்பு தேவைப்பட்டதில்லை. ஒரு மாடி ஏறினால் செய்திக்குக் கண் வரும், அடுத்த மாடியில் மூக்கு, மூன்றாவது மாடியில் கை கால் முளைத்துவிடும்.

மற்ற அலுவலகங்களில் இப்படி ஒருவர் முளைத்தால் ஆள் எப்படி, கறுப்பா சிவப்பா என்று கேட்பார்கள். கோப்பறை ஆட்களின் கேள்வியே வேறு.

"உயரம், எடை?"

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?"

"சர்க்கரை இருக்கா?"

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

அக்கா அசரவில்லை. யார் கேட்டாலும் கையில் அப்போது எந்தக் கோப்பு இருக்கிறதோ அதைத் திறந்து, ஏதோ தேடுவதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டென்று பதில் சொன்னாள். உயரம் ஒரு கோப்பிலிருந்து வந்தது. குடல்வால் அறுவைத் தழும்பு இன்னொன்றிலிருந்து. பென்சிலின் ஆகாது என்பது மூன்றாவதிலிருந்து. நாலைந்து மாதத்தில் அவருக்குக் கண்ணாடி, லேசான குறட்டை, சிறுவயதில் உடைந்த மணிக்கட்டு எல்லாம் சேர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைக்காரர் என்ற பட்டமும் நிலைத்துவிட்டது. கட்டடத்தில் உயிரோடு நடமாடிய பலரைவிட அவருக்கு விவரம் அதிகம்.

"ஞாயித்துக்கிழமைக்காரர் எப்படி இருக்கார் அக்கா?" என்பார் வண்டி அண்ணன், வண்டியை நிறுத்தாமலே.

"இருக்கார்."

"கல்யாணச் சாப்பாடு எப்போ?"

"பாலம் முடியட்டும்."

"எந்தப் பாலமும் முடிஞ்சு நான் பாத்ததில்லையே அக்கா."

இளையவள் ஒன்றும் கேட்டதில்லை. அவள் பெண்கள் விடுதியில் இருந்தாள். ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைக்க ஒழியும். அது போனபிறகு வேலைநாளில் விடிவதற்குள் எழுந்து குழாயடியில் குந்த வேண்டியிருந்தது. அந்த மனிதரை அவள் பார்த்ததில்லை, ஆனால் மனதாரச் சபித்திருக்கிறாள். ஒவ்வொரு சட்டைக் காலரைத் தேய்க்கும்போதும் அவருடைய பாலம் இடிந்து விழ வேண்டும் என்று ஒரு சின்ன வேண்டுதல்.

அந்த மருத்துவமனையில் 'ரத்த நோட்டு' என்று ஒன்று உண்டு. எளிதில் கிடைக்காத ரத்த வகைக்காரர்கள் ஊழியர்களின் சொந்தபந்தத்தில் யாராவது இருந்தால், கண்காணிப்பாளர் அவர்கள் விவரத்தை அதில் எழுதி வைப்பார். அவசரத்துக்குக் கூப்பிடலாம் என்று. ஒரு நாள் போகிற போக்கில், "அக்கா, அவருக்கு என்ன குரூப்?" என்று கேட்டார். அக்காவின் கையில் ஒரு கோப்பு இருந்தது.

"ஓ நெகட்டிவ்," என்றாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பத்துப் பேரில் நாலு பேருக்கு இருக்கும் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் கோப்பை நம்பிவிட்டாள். கண்காணிப்பாளருக்கோ புதையல் கிடைத்த மாதிரி. நோட்டை எடுத்து அழகான கையெழுத்தில் எழுதினார்: 'ஓ நெகட்டிவ். கோப்பறை அக்காவின் நண்பர். ஞாயிறு மட்டும்.'

நாலைந்து மாதம் கழித்து அந்த ஞாயிறு வந்தது. பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ரத்த வங்கியில் அவளுக்கு ஏற்றது ஒரே ஒரு பை இருந்தது, அதுவும் ஏறிக்கொண்டிருந்தது. மேல்மாடியிலிருந்து தொலைபேசி: "ரத்த நோட்டுல யாராவது இருக்காங்களா பாருங்க, சீக்கிரம்!" இளையவள் நோட்டைப் புரட்டினாள். அந்த வகைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஞாயிறு மட்டும் என்றும் இருந்தது. இன்று ஞாயிறு. இத்தனை நாளில் அந்த மனிதரால் ஒரு நன்மை என்று நினைத்துக்கொண்டு அக்காவின் வீட்டு எண்ணைச் சுழற்றினாள்.

"அக்கா, நான்தான். அவர் இருக்காரா?"

"எவர்?"

"உங்க அவர்."

மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. "இருக்கார். தூங்குறார்."

"எழுப்புங்க அக்கா. ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும். உடனே."

"அவருக்கு... அவருக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லம்மா."

"ஒரு பொம்பளை மேசை மேல கிடக்காங்க அக்கா. குழந்தை பொறந்துடுச்சு, அம்மாவுக்குத்தான் ரத்தம் நிக்கல. நோட்டுல அவர் ஒருத்தர் பேருதான் இருக்கு."

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. 

"ஒரு மணி நேரம் குடு," என்றாள் அக்கா.

முக்கால் மணி நேரத்தில் வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் குட்டையாக, முன்வழுக்கையாக, ஐம்பதைத் தாண்டியவராக இருந்தார். தலையில் காகிதத் தொப்பி, கையெல்லாம் வெள்ளைப் பெயின்ட். பின்னால் அக்கா, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் வேறு வேறு ஜோடியாக. வண்டி அண்ணன் தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டார். அது சரிவில் தானே உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"இவரா பாலம் கட்டுறவரு?" என்று இளையவளின் காதில் கேட்டார்.



அவரே சமாதானமும் செய்துகொண்டார். "சரிதான். பாலத்துக்கும் பெயின்ட் அடிக்கணும்ல."

ரத்தம் கொடுத்துவிட்டு அந்த மனிதர் பெஞ்சில் சாய்ந்திருந்தபோது குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது இளையவள்தான். அவர் மிரண்டு போயிருந்தார். "ஏழு வருஷம் முன்ன இங்க குடல்வால் எடுத்தாங்கம்மா. இன்னைக்கு வீட்டு நச்சரிப்பு தாங்காம கூரைக்கு வெள்ளை அடிச்சிட்டிருக்கேன், இந்தம்மா வந்து கதவைத் தட்டி, 'நீங்க ஓ நெகட்டிவ்தானே?'ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முன்ன பின்ன பாத்ததே இல்ல. என் கோப்பு நம்பர், தெரு, கதவு எண் எல்லாம் மனப்பாடமாச் சொல்றாங்க!"

இளையவள் திரும்பிப் பார்த்தாள். நடைபாதையின் மறுகோடியில் அக்கா நின்றிருந்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இளையவள் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்பது ஞாயிறுகள். இல்லாத ஒரு மனிதருக்காக. கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது, மென்று விழுங்கிவிட்டாள். கேட்டிருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது என்பது அவளுக்கு இன்றும் ஒரு முள். அந்தத் தாய் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதைப் பற்றி மருத்துவமனையில் யாரும் பேசவில்லை. பேச அதைவிடச் சுவையான விஷயம் இருந்தது.

திங்கள் காலையில் வண்டி அண்ணன், கொடையாளர் பதிவில் இருந்த பெயரை வைத்து, கோப்பறை ஆள் செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். பெயின்டரின் கோப்பை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். மணமானவர். நெருங்கிய உறவு: மனைவி. குழந்தைகள்: இரண்டு. மதியத்துக்குள் மூன்று மாடியும் பற்றிக்கொண்டது. இவ்வளவு நாளும் "பாவம், இந்த வயசுல ஒரு துணை" என்று உருகியவர்களே, "அடுத்தவ புருஷனையா!" என்று கன்னத்தில் கை வைத்தார்கள். உயரம் ஒத்துப்போகவில்லை, வயது ஒத்துப்போகவில்லை, வேலை ஒத்துப்போகவில்லை. குடல்வால் தழும்பு ஒத்துப்போனது. அது போதுமானதாக இருந்தது.

கண்காணிப்பாளர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நலம் விரும்பி என்ற முறையில், அக்காவின் அண்ணனுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். நலம் விரும்பிகளுக்கு எப்போதும் அடுத்தவர் வீட்டு எண் மனப்பாடமாக இருக்கும்.

செவ்வாயன்று பெயின்டரின் மனைவி கணவர் இங்கே மறந்து விட்டுப்போன காகிதத் தொப்பிக்குள் இருந்த சாவியைத் தேடிக்கொண்டு வந்தாள். ஆளுக்கு ஆள் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒருவர் நாற்காலி போட்டார். வண்டி அண்ணன் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்கம்மா போவாரு?" என்று கேட்டார்.

"அவரா? கட்டிலை விட்டு இறங்க மாட்டாரு. கூரைக்கு வெள்ளையடின்னு ஒரு வருஷமாக் கத்தி, போன ஞாயிறுதான் ஏணியில ஏறினாரு. ஏறின அன்னைக்கே உங்காளுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாதிக் கூரை அப்படியே நிக்குது!"

சாவியை வாங்கிக்கொண்டு அவள் போனதும், "பாவம், ஒண்ணுமே தெரியல," என்றார் வண்டி அண்ணன்.

அலமாரிக்குப் பின்னால் அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. அவள் அதைச் சாத்தவில்லை.

"சார், அப்படி ஒருத்தர் கிடையாது. நான் கட்டின கதை. ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்கணும்னு சொன்னேன், அவ்வளவுதான். அந்தப் பெயின்டரை நான் அன்னைக்குத்தான் முதல் தடவை பாத்தேன்."

கண்காணிப்பாளர் அவளை வெகுநேரம் கனிவோடு பார்த்தார். "புரியுதுக்கா. அந்தாளுக்குக் குடும்பம் இருக்கு. பேரு கெடக்கூடாதுன்னு நீங்க இப்படிச் சொல்றீங்க."

"இல்ல சார். நெஜமாவே இல்ல."

"எவ்வளவு பெரிய மனசுக்கா உங்களுக்கு."

"சார், வேலை பாலம்னு சொன்னது செத்துப்போன ஒருத்தரோட கோப்பு. எடுத்துக் காட்டட்டுமா?"

"வேணாம்க்கா. மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. ஞாயிறெல்லாம் வீட்ல நல்லா ஓய்வெடுங்க."

பொய்யைச் சொன்னபோது ஒரு நொடியில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னபோது அவளுக்குத் தலை கலங்கிவிட்டது என்றார்கள். சிலர் அவளைத் தியாகி என்றும் சொன்னார்கள். அந்தப் பட்டத்தை அவள் ஏற்கவுமில்லை, மறுக்கவும் முடியவில்லை.

பணிப்பட்டியல் மாறவில்லை, நான்கு ஞாயிறும் இளையவளுக்கே. அக்காவின் ஞாயிறுதான் மாறிவிட்டது. கண்காணிப்பாளரின் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அண்ணன் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டை விட்டு நகர்வதில்லை. காலியான வீட்டில் யார் வந்து போவார்களோ என்று கவலை. அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். அண்ணியின் அம்மா வீட்டுக்கு இவர்கள் போகாததால் அவரே இங்கே வரத் தொடங்கினார், கூடவே அண்ணியின் தம்பி, தம்பி மனைவி. சோபாவில் நாலு பேர், கட்டிலில் ரெண்டு பேர். தரையில் காலை நீட்ட இடமில்லை. "அத்தை!" என்று கூப்பிட இப்போது புதிதாக மூன்று வாய்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இளையவள் எண் தவறி வைத்த கோப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அலமாரிகளுக்கு நடுவே ஏணியின் அடிப்படியில் அக்கா வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை இங்க யாராவது வருவாங்களா?" என்று கேட்டாள்.

"மேல இருந்து ரெண்டு மூணு போன் வரும். மத்தபடி ஈ காக்கா இல்லக்கா."

"பதினோரு வருஷம் உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா. சும்மா கேட்டேன்." கால்விரலால் தரையைத் தேய்த்தாள். "சார்கிட்ட போய், ஞாயிறு எனக்கே குடுங்கன்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. காலிக் கோப்பறை, தனியா ஒரு பொம்பளை, அந்தாளு இங்கேயே வந்து நின்னுட்டா மருத்துவமனைக்குக் கெட்ட பேராம்."

இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை மாதக் கோபத்தோடு சேர்ந்து வந்ததால் அது இருமலாக வெளியே வந்தது.

"முப்பத்தொன்பது ஞாயிறு அக்கா," என்றாள். அவள் அக்காவிடம் அதைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை.

"நாப்பத்தெட்டு," என்றாள் அக்கா. "அப்புறம் போன ரெண்டு மாசத்தை நீ சேக்கல. நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள், ஆளில்லாத கூடத்தில் யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தும்.

"எனக்காக ஒண்ணு செய்வியா? திங்கக்கிழமை சார்கிட்ட போய், உனக்கு ஒருத்தர் இருக்காருன்னு சொல்லு. ஞாயிறு மட்டுந்தான் வருவாருன்னு சொல்லு. கட்டிக்கப் போற பொண்ணுன்னா சாரு மாட்டேன்னு சொல்ல முடியாது, மத்தவங்களுக்கெல்லாம் குடும்பம் இருக்கு, வேற ஆளில்லாம ஞாயிறைத் தூக்கி என் தலையிலதான் கட்டியாகணும். வேலை கேட்டா எது வேணா சொல்லிக்க. ரத்த வகை கேட்டா மட்டும் தெரியாதுன்னுடு."